ஓர் ஆள், ஒரு பந்து

நவம்பர் 3, திங்கள்

இன்று என் அறிவிப்பு கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறிவிட்டது. கோல்ஃப் கிளப் வாசலில், ஆட்டக்காரர்கள் கையெழுத்துப் போடும் பதிவேட்டுக்கு நேர் மேலே. தலைப்பு: ‘தனியாகப் பயிற்சி செய்பவர்கள் கவனத்துக்கு.’ கர்னல் வரதன் தட்டச்சு செய்து தருகிறேன் என்றார். வேண்டாம் என்று என் கையாலேயே எழுதினேன். கிளப் செயலாளராக இருந்துகொண்டு ‘கவனத்திற்க்கு’ என்று எழுதும் மனிதர் அவர்.

ஐந்தே விதிகள். தனி ஆளுக்கு மைதானத்தில் முன்னுரிமை கிடையாது, பின்னால் கூட்டமாக வருபவர்களுக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும். ஒரு பந்துக்கு மேல் அடிக்கக் கூடாது. பந்தில் தன் அடையாளக் குறி இருக்க வேண்டும் (எனக்குப் பச்சைப் புள்ளி). பெயர்த்த புல்லைத் திரும்பப் பதிக்க வேண்டும். பனிமூட்டத்தில், பந்து வருகிறது என்ற எச்சரிக்கையாக ‘ஃபோர்’ என்று உரக்கக் குரல் கொடுத்த பிறகே அடிக்க வேண்டும்.

கேடி லிங்கராஜ் வாசித்துவிட்டுச் சிரித்தான். முப்பது வருடமாக அடுத்தவர் மட்டைகளைச் சுமக்கிறவன், அந்த உரிமையில் சிரிப்பான். “தனியா ஆடுறவங்க யாரப் பாத்து மேடம் கத்துறது?”

“யாரும் இல்லன்னு உனக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

என் கணவர் போய்ப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. அவர் இருந்தவரை நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஆடுவோம். இப்போது மற்ற இருவரும் வேறு இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டார்கள். கேட்டால் “அடுத்த வாரம் பாக்கலாம் சுகிர்தா” என்கிறார்கள். எஸ்டேட் மேனேஜர் தம்புராஜின் மனைவி என்ற பெயரில்தான் என் உறுப்பினர் அட்டை இருக்கிறது. வருடா வருடம் நவம்பர் முப்பதாம் தேதி கமிட்டி கூடி, என் நடத்தை திருப்தி என்று எழுதி நீட்டிக்க வேண்டும். அறுபத்தொரு வயதில் எனக்கு நன்னடத்தைச் சான்றிதழ். இருக்கட்டும். ஊட்டிக் குளிரில் அந்த மைதானமும் இல்லையென்றால், காலையில் நான் படுக்கையை விட்டு எழுவதற்கு வேறு காரணம் கிடையாது.

நவம்பர் 4, செவ்வாய்

காலை 6.40க்குப் பதிவேட்டில் கையெழுத்து. நல்ல பனி, விலகுவதும் மூடுவதுமாக. மூன்றாவது குழியின் மேட்டிலிருந்து முதல் அடி பரவாயில்லை, கொஞ்சம் வலப்பக்கம் போயிற்று. பந்தைத் தேடவில்லை. பனி அதிகமானதால் குறுக்கே நடந்து நான்காவதுக்குப் போய்விட்டேன். ஆறாவதோடு நிறுத்திக்கொண்டு வீடு வந்தேன்.

கேஸ்காரன் வரவில்லை. சமையலறைக் குழாய் சொட்டுகிறது. சிவப்பு ஸ்வெட்டரின் முழங்கையைத் தைத்தேன். இரண்டு பந்து போயிற்று.

நவம்பர் 5, புதன்

காலை பத்து மணிக்குக் கர்னலின் போன். நேற்று மூன்றாவது மைதானத்தில், களை எடுக்கும் இந்திராணியின் முகத்தில் பந்து பட்டிருக்கிறது. இடது கண். ஏழரை மணிக்கு மற்றப் பெண்கள் வந்து பார்த்தபோது கால்வாய் ஓரம் கிடந்தாளாம். அரசு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, நேரே கோயம்புத்தூருக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

“அந்த நேரத்துல பதிவேட்டுல உங்க பேர் மட்டும்தான் இருக்கு மிஸஸ் தம்புராஜ். அதான் கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. ஒரு பந்துதானே அடிச்சீங்க?”

ஆமாம் என்றேன்.

“குரல் குடுத்தீங்கதானே?”

ஆமாம் என்றேன்.

“அது எனக்குத் தெரியாதா, ஒரு ஃபார்மாலிட்டிக்குக் கேட்டேன்” என்று வைத்துவிட்டார். குழாய்க்காரன் வந்து வாஷர் மாற்றினான். இன்னும் சொட்டுகிறது.

நவம்பர் 6, வியாழன்

பனி. போகவில்லை. முள்ளங்கி சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

நவம்பர் 7, வெள்ளி

கர்னல் நேற்று கோயம்புத்தூர் போய் இந்திராணியிடம் பேசிவிட்டு வந்திருக்கிறார். கிளப் வராந்தாவில் உட்காரவைத்து, டீ வரவழைத்து, எனக்கு விளக்கினார்.

களை எடுக்கும் பெண்களுக்குள் ஒரு பழக்கம் உண்டாம். மேட்டில் அடிக்க ஆள் நிற்பது தெரிந்தால், இவர்கள் திரும்பி உட்கார்ந்து கூடையைத் தலைமேல் கவிழ்த்துக்கொள்வார்கள். மட்டையின் சத்தத்தை எண்ணுவார்கள். நான்கு பேர் நின்றால் நான்கு சத்தம். இரண்டு பேர் என்றால் இரண்டு. எண்ணிக்கை முடிந்து கடைசிப் பந்தும் விழுந்த பிறகு எழுந்து வேலையைப் பார்ப்பார்கள். இருபது வருடமாக ஆடுகிறேன், இப்படி எண்ணுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

அன்று அவள் மேட்டில் ஓர் ஆளைப் பார்த்திருக்கிறாள். சிவப்பு ஸ்வெட்டர். ஒரு சத்தம் கேட்டிருக்கிறது, பந்து தள்ளி விழுந்திருக்கிறது. எழுந்து நான்கு எட்டு வைத்தாள். அப்போது இரண்டாவது சத்தம். திரும்பிப் பார்த்தவளின் கண்ணில் பட்டது.

“ஸோ, கேஸ் சிம்பிள்” என்றார் கர்னல். “முதல் பந்து உங்களது. பச்சைப் புள்ளியோட அங்கயே கிடைச்சுது.” மேசைமேல் வைத்தார், துடைத்துச் சுத்தமாக. “அவ பக்கத்துல கிடந்த இன்னொண்ணுல குறியே இல்ல. பழைய பந்து. மெம்பர் யாரும் குறி போடாத பந்தை எடுத்துட்டு வர மாட்டாங்க. கேடிங்கதான் புதருல பொறுக்கின பந்தை வெச்சு ஆடுவாங்க. நீங்க நாலாவதுக்குப் போனதும், பின்னாடி எவனோ மேட்டுல ஏறி அடிச்சிருக்கான். யாரையாவது பாத்தீங்களா?”

பனி, திரும்பிப் பார்க்கவில்லை என்றேன்.

“லிங்கராஜா இருக்கும். ஜூன்ல நீங்கதானே அவனைப் பிடிச்சுக் குடுத்தீங்க.”

உண்மைதான். கேடிகள் திங்கட்கிழமை மட்டுமே ஆடலாம் என்பது கிளப் வழக்கம். ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் அவன் இரண்டாவதில் ஆடிக்கொண்டிருந்தான். நான் எழுதிக் கொடுத்தேன், அவனுக்கு எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. விதி என்றால் எல்லோருக்கும்தானே.

விசாரணை அறிக்கையை நானே எழுத வேண்டுமாம். பதினெட்டாம் தேதி கமிட்டியில் வாசிக்க வேண்டும். “உங்களைவிட விதி தெரிஞ்சவங்க இங்க யாரு?” என்றார். பச்சைப் புள்ளிப் பந்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். டீயைக் குடிக்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. சளி.

நவம்பர் 10, திங்கள்

கேடிகளின் திங்கட்கிழமை ஆட்டம் ரத்து என்று பலகை வைத்துவிட்டார்கள். லிங்கராஜை விசாரணை முடியும்வரை கேட்டுக்குள் வரக் கூடாது என்று சொல்லியாகிவிட்டது.

பதினொரு மணிக்கு அவன் வீட்டு வாசலில் நின்றான். உள்ளே வா என்றேன். வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“மேடம், நீங்கதான் எழுதறீங்கன்னாங்க.”

“ஆமா.”

“அன்னைக்குக் காலையில நான் பால் சொசைட்டியில நின்னேன். கேன் ஊத்திட்டு இருந்தேன். அங்க வந்து கேட்டுக்கலாம்.”

“கேக்கறாங்களா பாரு.”

“கேட்டாங்க. சொசைட்டிக்காரன் உன் பங்காளிதானே, உனக்குச் சாதகமாத்தான் சொல்வான்னுட்டாரு கர்னல்.” கேட்டைப் பிடித்துக்கொண்டான். “ஜூன் மாசம் நான் பண்ணது தப்பு. ஒத்துக்கிட்டேன்ல மேடம்? கேட்ட உடனே ஆமான்னு சொன்னேன்ல?”

“சொன்னே.”

“இது நானில்ல. நீங்க மூணாவது மேட்டுல இருந்தீங்க. உங்களுக்குப் பின்னாடி ஆள் வந்தா உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? ஒரு சத்தம்கூடவா கேக்கல?”

பனியில் எதுவும் சரியாகத் தெரியவில்லை என்றேன். அவன் என் முகத்தையே பார்த்தான். தம்புராஜுக்கு இருபது வருடம் கேடியாக இருந்தவன். எந்தப் புல்லில் எந்தப் பந்து கிடக்கும் என்று பார்வையிலேயே சொல்பவன்.

“சரி மேடம்” என்று போனான். கேட்டைத் தாழிடாமல் போய்விட்டான். போய்த் தாழிட்டேன்.

நவம்பர் 12, புதன்

அறிக்கையின் முதல் பிரதி முடிந்தது. இரண்டு பக்கம். ‘கிடைத்த சான்றுகளின்படி’ என்று ஆரம்பித்து ‘கருதப்படுகிறது’ என்று முடியும். லிங்கராஜ் அடித்தான் என்று நான் எங்கும் எழுதவில்லை. ‘குறியிடப்படாத பந்துகளைப் பயன்படுத்தும் பழக்கமுள்ள ஒருவர்’ என்று எழுதியிருக்கிறேன். அது பொய்யில்லை.

மதியம் கார் ஷெட்டை ஒழுங்குபடுத்தினேன். அவருடைய பழைய பந்துகள் ஒரு பக்கெட் நிறைய இருக்கின்றன. உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால் தள்ளிவைத்தேன். இடத்தை அடைக்கின்றன.

இந்தக் கிளப்பில் தனியாக வருகிற எவர் சட்டைப்பையிலும் இன்னொரு பந்து இருக்கத்தான் செய்கிறது. கர்னல் போன மாதம் எட்டாவதில் நின்று வரிசையாக நான்கு அடித்ததை நானே பார்த்தேன்.

இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

அறிக்கை எழுதுபவர் பாதிக்கப்பட்டவரைப் பார்க்காமல் எழுதினால் முறையாக இருக்காது. அதற்காகத்தான் போனேன். காலை ஆறு மணி பஸ். மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் இரண்டு முறை வாந்தி.

இந்திராணி பெண்கள் வார்டில், ஜன்னலோரம். இடது கண்ணில் கட்டு, கன்னம் கறுத்துப்போய் வீங்கியிருக்கிறது. நாற்பது வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள். படு என்றேன்.

“எதுக்கு மேடம் இம்மாந்தூரம்?” என்றாள். நான் கொண்டுபோன ஆரஞ்சைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“இந்தக் கண்ணு இனிமே வராதாம். இன்னொரு கண்ண வெச்சுப் பொழச்சுக்கோன்னுட்டாரு.” சாதாரணமாகத்தான் சொன்னாள். “களை எடுக்க ஒரு கண்ணு போதும் மேடம். திரும்ப வேலைக்கு எடுத்துக்குவாங்கல்ல? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க.”

சொல்கிறேன் என்றேன். பிறகு, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். சத்தம் இரண்டு என்று உறுதியாகத் தெரியுமா.

“கர்னல் அய்யாவும் அதையேதான் கேட்டாரு. நானும் படுத்துக்கிட்டே யோசிக்கிறேன். எங்க தப்பு நடந்துச்சுன்னு வெளங்கல.” கட்டுப் போடாத கண்ணால் என்னைப் பார்த்தாள். “வேற யாராவது மேட்டுல நின்னிருந்தா நான் இன்னும் செத்த நேரம் உக்காந்துதான் இருப்பேன் மேடம். சில பேரு விளையாட்டா இன்னொண்ணு அடிப்பாங்க. எங்களுக்குத் தெரியும், யாரு எப்படின்னு. பனி வெலகறப்ப செவப்பு ஸ்வெட்டரப் பாத்தேன். அட நம்ம மேடம்தான்னு நெனச்சேன். நீங்க ஒண்ணுதான அடிப்பீங்க. ஒரு ஆளு, ஒரு பந்து. அந்த தைரியத்துலதான் எந்திரிச்சேன்.”

தலைமாட்டில் இருந்த ஆரஞ்சை நகர்த்தி வைத்தேன்.

“கத்துனேன் மேடம். ரெண்டு மூணு தடவ கத்துனேன். நீங்க நாலாவதுக்குப் போயிருப்பீங்க, கேட்டிருக்காது.”

நர்ஸ் வந்து நேரம் ஆயிற்று என்றாள். திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, நின்றுகொண்டே வருவதில்.

நவம்பர் 15, சனி

எழுதிவிடுகிறேன்.

முதல் அடி சரியாகத்தான் போயிற்று. ஆனால் எனக்குத் திருப்தியில்லை. தோளை முன்கூட்டியே திருப்பிவிடுகிறேன் என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். இன்னொரு முறை அடித்துப் பார்க்கலாம் என்று சட்டைப்பையில் இருந்த பழைய பந்தை எடுத்தேன். எப்போதுமே ஒன்று இருக்கும். அதில் குறி போடுவதில்லை, கணக்கில் வராத பந்துக்குக் குறி எதற்கு. அப்போது பனி முழுக்க மூடிவிட்டது. முதல் பந்துக்கும் குரல் கொடுக்கவில்லை, இரண்டாவதற்கும் இல்லை. யாரும் இல்லாத இடத்தில் ஒரு கிழவி தனியாக நின்று கத்துவது எனக்கே வெட்கமாக இருக்கிறது. விதியை எழுதும்போது அது தெரியவில்லை.

அடித்தேன். தோள் அதே மாதிரி முன்னால் திரும்பிவிட்டது. கீழே ‘டொக்’ என்றது. மரத்தில் பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு சத்தம் வந்தது. காட்டுக்கோழி என்று சொல்லிக்கொண்டேன். மறுபடியும் வந்தது. காட்டுக்கோழி ‘அம்மா’ என்று கத்தாது. அது எனக்கு அப்போதே தெரியும்.

நான் இறங்கிப் போயிருக்க வேண்டும். இருநூறு எட்டு இருக்கும். அதற்குப் பதில் மட்டையைப் பையில் செருகிக்கொண்டு குறுக்கே நான்காவதுக்கு நடந்தேன். வேகமாக நடந்தேன். நான்காவதில் புல்லைப் பெயர்த்துவிட்டேன், அதை எடுத்துப் பதித்துக் காலால் அமுக்கிவிட்டுத்தான் போனேன். அவள் ஏழரை மணிவரை அங்கே கிடந்தாள். அந்த நேரத்தில் நான் ஆறாவது குழியை முடித்திருந்தேன்.

பயம்தான். முப்பதாம் தேதியைப் பற்றிய பயம். அந்த அட்டை போய்விட்டால் எனக்கு என்ன இருக்கிறது என்ற பயம். அதற்கு ஒரு பெண்ணின் கண்ணும் லிங்கராஜின் பிழைப்பும் விலை என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் சீ என்றுதான் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. கேட்காமலேயே கொடுத்துவிட்டேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நவம்பர் 16, ஞாயிறு

அறிக்கையைக் கிழித்து அடுப்பில் போட்டேன். புதிதாக எழுத உட்கார்ந்தேன். நான்கு வரிக்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

கமிட்டியில் ஏழு பேர். கர்னல் என்னை அறிமுகப்படுத்தி, “நம்ம விதிப்புத்தகம்” என்றார். சிரித்தார்கள். எழுந்து நின்று வாசித்தேன்.

“நவம்பர் 4 காலை மூன்றாவது மேட்டில் இருந்தது ஒருவர். அடிக்கப்பட்ட பந்துகள் இரண்டு. இரண்டையும் அடித்தது நான், குரல் கொடுக்கவில்லை. அலறல் கேட்டும் போய்ப் பார்க்கவில்லை.”

யாரோ கோப்பையைத் தட்டில் வைத்த சத்தம் கேட்டது. பிறகு எல்லோரும் கர்னலைப் பார்த்தார்கள்.

“உக்காருங்க மிஸஸ் தம்புராஜ். தண்ணி குடிங்க” என்றார் அவர். “நீங்க ரொம்ப அப்செட் ஆகியிருக்கீங்க. ஆஸ்பத்திரிக்கெல்லாம் போயிருக்கக் கூடாது. இதை இன்னைக்குப் பதிவு பண்ண வேண்டாம். அந்தப் பொண்ணுக்கு கிளப் பாத்துக்கும். லிங்கராஜும் வேற எங்கயாவது சேந்துக்குவான். மெம்பர் ஒருத்தர் பேரு போலீஸ் வரைக்கும் போனா அது நம்ம எல்லாருக்கும்தானே?”

மற்றவர்கள் தலையாட்டினார்கள். நல்ல மனிதர்கள்தான். என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார்கள். எனக்கும் ஒரு கணம் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

உட்காரவில்லை. வாசலுக்குப் போனேன். பதிவேட்டைத் திருப்பி நான்காம் தேதிப் பக்கத்தை எடுத்தேன். என் கையெழுத்துக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் எழுதினேன்: ‘இரண்டு பந்து. குரல் கொடுக்கவில்லை. காயம் என்னால்.’ மேலே கண்ணாடிக்குள் என் அறிவிப்பு. அதைப் பார்க்காமல் எழுத முடியவில்லை, அவ்வளவு நேர் மேலே மாட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பதிவேட்டில் பக்கத்தைக் கிழிக்கக் கூடாது என்பது விதி. அதுவும் நான் எழுதியதுதான். அங்கிருந்து நேரே போலீஸ் ஸ்டேஷன் போய் எழுதிக் கொடுத்தேன்.

நவம்பர் 20, வியாழன்

லிங்கராஜை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். கேட்டருகே பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன்.

“உங்க வாசல்ல வந்து நின்னேன் மேடம்” என்றான். “கேட்டேன்ல?”

“கேட்டே.”

“நான் போனதும் கேட்டைத் தாள் போட்டீங்க. திரும்பிப் பாத்தேன்.”

யாருடைய பையையோ தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான். அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நவம்பர் 22, சனி

கோயம்புத்தூர். இந்திராணியிடம் நானே சொன்னேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆரஞ்சை நர்ஸிடம் கொடுத்துவிடச் சொன்னாள், என்னைப் பார்க்காமல்.

நவம்பர் 30, ஞாயிறு

நீட்டிக்கவில்லை. கடிதத்தில் ‘கவனத்திற்க்கு’ என்றுதான் போட்டிருக்கிறது.

ஜனவரி 13, செவ்வாய்

கோர்ட்டுத் தேதி பிப்ரவரிக்குப் போய்விட்டது. இப்போது காலையில் வேலியோரச் சாலையில் நடக்கிறேன். மூன்றாவது மைதானம் அங்கிருந்து முழுக்கத் தெரியும்.

இன்று இந்திராணி திரும்ப வேலைக்கு வந்திருந்தாள். கால்வாய் ஓரம், கூடையும் களைக்கொத்தியுமாக. நான் கூப்பிடவில்லை.

மேட்டில் கர்னல், தனியாக. பனி இல்லை, நல்ல வெயில். அப்படியும் “ஃபோர்” என்று கத்தினார். இப்போது எல்லோரும் கத்துகிறார்கள். இந்திராணி திரும்பி உட்கார்ந்து கூடையைக் கவிழ்த்துக்கொண்டாள். ஒரு சத்தம். பந்து அவளைத் தாண்டி வெகுதூரம் போய் விழுந்தது.

அவள் எழவில்லை.

கர்னல் மட்டையைப் பையில் வைத்துவிட்டு இறங்கி வந்தார். அவளிடம் வந்ததும் நின்றார். “ஒண்ணுதாம்மா. முடிஞ்சுது, எந்திரி” என்றது எனக்கே கேட்டது. கூடை அசையவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் நடந்தார். பந்தை அடைந்து, மறுபடி அடித்து, அதன் பின்னாலும் போய், குழியை முடித்துக் கொடியைத் திரும்ப நட்டுவிட்டு மரங்களுக்குப் பின்னால் மறைந்தார். மேட்டில் யாருமில்லை, மைதானத்திலும் யாருமில்லை.

நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் கூடைக்குள் உட்கார்ந்து, வராத இன்னொரு சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.